பள்ளம் தோண்டும் முன் பேசுவோம்!

(சென்னைப் புறநகர் இளைஞர்கள், வணிகர்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாடாளுமன்றத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சட்டமன்றத்தைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இடஒதுக்கீட்டுக்காகவும் வக்ஃபு சொத்துகளுக்காகவும் வீதியில் இறங்கிக் குரல் கொடுத்திருக்கிறோம். அவையெல்லாம் தேவைதான். ஆனால் உங்கள் கடை வாசலில் ஓடும் கால்வாயின் ஆழம் எவ்வளவு, உங்கள் தெருவின் அகலம் எவ்வளவு, மழைநீர் எந்தப் பக்கம் போக வேண்டும், உங்கள் மனை குடியிருப்புப் பகுதியா வணிகப் பகுதியா என்பதையெல்லாம் முடிவு செய்யும் ஒரு சிறிய மன்றம் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு, மூன்று கிலோ மீட்டருக்குள் இருக்கிறது. அந்த மன்றத்தின் வாசலை நாம் எப்போது மிதிக்கிறோம்? சிந்தித்துப் பாருங்கள்!

கப்ருஸ்தானின் சுற்றுச்சுவர் இடிந்தால் போகிறோம். பெருநாள் தொழுகைக்குத் திடலைச் சுத்தம் செய்து தரச் சொல்லிப் போகிறோம். கடையை இடிக்க ஜேசிபி வந்து நின்றால் ஓடுகிறோம். மூன்று முறையும் கையில் மனுவோடு, கெஞ்சும் நிலையில்தான் போகிறோம். முடிவு எடுக்கப்படும் நாளில் அங்கே நாம் இருப்பதில்லை. முடிவு நம் வாசலுக்கு வந்த பிறகுதான் நமக்கு விழிப்பு வருகிறது. இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதுதான் இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த ஒரே செய்தி.

தண்ணீரில் இறங்கிய சமுதாயம்

2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் மூழ்கின. அமைப்பு பேதம் பார்க்காமல் நம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் இறங்கினார்கள். முதியவர்களைத் தோளில் தூக்கி வந்தார்கள். பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டோம். எந்தச் சமயத்தவர் என்று கேட்காமல் சமைத்துப் போட்டோம். நாடே பாராட்டியது. அல்ஹம்துலில்லாஹ்! 2020லும் 2021லும் கொரோனாவில் இறந்தவர்களைத் தொடவே மற்றவர்கள் அஞ்சியபோது, நம் பிள்ளைகள் கவச உடை அணிந்து அடக்கம் செய்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் படகோடு இறங்கினார்கள்.

தியாகத்தில் நாம் குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அந்தத் தெருவில் தண்ணீர் தேங்கியது ஏன்? கால்வாய் வெட்டும்போது சாலையை விடக் கால்வாயின் வாய் உயரமாக அமைந்துவிட்டதா? ஒரு வார்டில் கட்டிய கால்வாய் அடுத்த வார்டின் கால்வாயோடு இணையாமல் நின்றுவிட்டதா? இந்தக் கேள்விகளுக்கான பதில் எழுதப்பட்ட காகிதம் ஒன்று உண்டு. அந்தக் காகிதம் எழுதப்பட்ட நாளில் நம்மில் ஒருவராவது போய் அதைப் படித்துப் பார்த்தோமா? வெள்ளத்தில் நூறு பேரைத் தூக்கி வருவது பெரிய நன்மை. வெள்ளமே வராதபடி ஒரு கால்வாயைச் சரியான மட்டத்தில் அமைக்க வைப்பது அதைவிடச் சிறிய நன்மை அல்ல.

புறநகரின் கதை

1992 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம், நகராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கொடுத்தது. அதன் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொறுப்புகள் பட்டியலிடப்பட்டுள்ளன. முதல் பொறுப்பே நகரத் திட்டமிடல்தான். இரண்டாவது நிலப் பயன்பாடு, கட்டடங்கள். நான்காவது சாலைகளும் பாலங்களும். அடக்கஸ்தலங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது நாம் பிறந்து வளரும் தெருவிலிருந்து நம்மை அடக்கம் செய்யும் மண் வரை அந்த மன்றத்தின் பொறுப்பில் வருகிறது!

சட்டம் கொடுத்ததை அரசுகள் முழுமையாகக் கொடுத்தனவா என்றால், இல்லை. தமிழகத்தில் நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நிர்வாகம் நடத்தினார்கள். கவுன்சிலர் இல்லாத அந்தக் காலத்திலும் சாலை போடப்பட்டது, கால்வாய் வெட்டப்பட்டது. யாரிடம் கேள்வி கேட்பது என்பதுதான் மக்களுக்குத் தெரியவில்லை.

அந்த இடைவெளியில்தான் சென்னையின் புறநகர் தன் உருவத்தையே மாற்றிக்கொண்டது. 2019ல் ஆவடி மாநகராட்சியானது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டன. 70 வார்டுகளாகவும் 5 மண்டலங்களாகவும் பிரிக்கப்பட்டன. பத்து ஊர்கள் பத்து விதமாகப் போட்ட சாலைகளும் கால்வாய்களும் ஒரே நிர்வாகத்தின் கைக்கு வந்தன. கிழக்கே சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி ஓடுகிறது. மேற்கே அடையாறு ஓடுகிறது. தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது, சகோதரர்களே! அதனால்தான் ஒரு தெருவின் வேலையை அந்தத் தெருவோடு மட்டும் முடித்துப் பார்க்கக் கூடாது என்கிறேன்.

காகிதத்தில் பிறக்கும் சாலை

ஒரு தெருவில் கால்வாய் வேலை தொடங்கும்போது நாம் என்ன நினைக்கிறோம்? 'இன்று காலைதான் தோண்ட வந்தார்கள்' என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. அந்த வேலை பல மாதங்களுக்கு முன்பே காகிதத்தில் பிறந்துவிட்டது.

முதலில் கவுன்சிலரோ பொறியாளரோ தேவையை எழுதுகிறார். உதவிப் பொறியாளர் அளந்து மதிப்பீடு தயாரிக்கிறார். நிதி எந்தத் திட்டத்தில் வரும் என்று பார்க்கப்படுகிறது. பிறகு மன்றத்தின் பொருள் நிரலில் அது ஓர் எண்ணாக ஏறுகிறது. மன்றக் கூட்டத்தில் பல பொருள்கள் விவாதமே இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேறிவிடுவதும் உண்டு. அதன் பிறகு நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை. கடைசியில்தான் பள்ளம்!

இதில் மாற்றம் செய்வதற்கு எளிதான கட்டம் எது? மதிப்பீடு தயாராகும் கட்டம். 'இந்தத் தெருவின் கடைசியில் தண்ணீர் வெளியேற வழியில்லை, அடுத்த தெரு வரை நீட்டுங்கள்' என்று அப்போது சொன்னால், அளவுநாடாவோடு நிற்கும் பொறியாளர் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வார். டெண்டர் முடிந்த பிறகு அதையே சொன்னால், 'மதிப்பீட்டில் இல்லை' என்பார். அவர் சொல்வது பொய்யும் அல்ல. மதிப்பீட்டில் இல்லாத வேலைக்கு ஒப்பந்ததாரருக்குப் பணம் கிடைக்காது.

பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கும் ரமலான் மாதத்தில் கடை வாசலில் பள்ளம் வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று ஜவுளிக்கடைக்காரரும் செருப்புக்கடைக்காரரும் வருந்துவதைக் கேட்கிறோம். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் ரமலான் எப்போது வரும் என்பது நமக்கு ஓராண்டுக்கு முன்பே தெரியும். பணி ஆணை கொடுக்கும் முன் வணிகர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டு, 'இந்தத் தேதிக்கு முன் முடியுங்கள், அல்லது பெருநாளுக்குப் பின் தொடங்குங்கள், கடைக்குள் போக மரப்பலகையாவது போடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தோமா? அதே கோரிக்கை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பொருந்தும். அடுத்த கடைக்கார அண்ணாச்சியும் நம்மோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவார்.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது

'நம்மை யார் மதிப்பார்கள்?' என்று சிலர் கேட்கக் கூடும். மதிக்க வைக்கும் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றை அறியாமல் இருப்பதுதான் நம் பலவீனம்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998ல் வந்தது. அதன் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேற்பட்டால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். டெண்டர் அறிவிப்பை இணையத்தில் எவரும் பார்க்கலாம். கைப்பேசியில் நாள் முழுதும் கிரிக்கெட் பார்க்கும் தம்பிமார்களே! வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் உங்கள் மாநகராட்சியின் டெண்டர் பக்கத்தையும் பாருங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல் வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தில் மதிப்பீட்டின் நகல், மன்றத் தீர்மானத்தின் நகல், பணி ஆணையின் நகல் ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின்படி நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு! சிமெண்ட் கலவை சரியா என்று வாசலில் நின்று சண்டை போடத் தேவையில்லை. எழுதிக் கேளுங்கள். ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பதற்கு ஆதாரமாக வேலையின் அளவைப் பதிவு செய்யும் 'எம் புக்' என்ற அளவுப் புத்தகம் இருக்கிறது. அதன் நகலையும் கேட்கலாம்.

பகுதி சபை என்பது மூன்றாவது வழி. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்தின் ஒவ்வொரு வார்டிலும் வார்டு குழுவும் பகுதி சபைகளும் அமைக்கத் தமிழக அரசு 2022ல் விதிகள் செய்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டது எங்கே தெரியுமா? இதே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்! அங்கே நாற்காலி போட்டு மக்களைப் பேச அழைத்தார்கள். ஜும்ஆ முடிந்ததும் எத்தனையோ அறிவிப்புகள் செய்கிறோம். 'வரும் நாளில் நம் வார்டில் பகுதி சபை, அனைவரும் வாருங்கள்' என்று எத்தனை பள்ளிவாசல்களில் அறிவித்தோம்? கூட்டமே கூட்டப்படவில்லை என்றால், ஏன் கூட்டவில்லை என்று கேட்பதும் நம் வேலைதான்.

வணிகர்களுக்குச் சில வார்த்தைகள்

கசப்பான ஒன்றைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு முன்னால் இரண்டு படி, படிக்கு முன்னால் ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு முன்னால் விளம்பரப் பலகை, அதற்கும் முன்னால் நம் வண்டி. இப்படி ஒவ்வொரு கடையும் சில அடிகளைத் தின்றால் சாலையில் என்ன மிஞ்சும்? கால்வாய் மூடியின் மேல் சிமெண்ட் பூசிவிட்டால் அடைப்பை எப்படி எடுப்பார்கள்? பாதைக்கு உரிமை உண்டு என்று நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது நம் மார்க்கம். பாதையில் தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானோடு சேர்த்து எண்ணும் சமுதாயம் நாம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் தெருவை அடைத்து வண்டி நிறுத்துவதும் இதில் சேரும்.

இது மார்க்கத்தோடு நிற்கும் விஷயம் அல்ல, சட்டத்திலும் வருகிறது. வட மாநிலங்களில் நம் சமுதாயத்தின் வீடுகள்மீது புல்டோசர் ஏவப்பட்டதை நாம் கண்டோம். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவரின் கட்டடத்தை இடிக்கக் கூடாது. குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். மீறும் அதிகாரியே பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பு, சாலை, தெரு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சொல்லிவிட்டது. ஆகவே, நடைபாதையில் நீட்டிக் கட்டிய கூரைக்காக அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நம் கை சுத்தமாக இருந்தால்தான் அநீதி நடக்கும்போது உரத்துப் பேச முடியும்.

தள்ளுவண்டி, தரைக்கடை வைத்துப் பிழைக்கும் சகோதரர்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று கொடுக்கும் வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே தேர்தல் மூலம் வர வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சிறுபான்மையினருக்கும் உரிய இடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் குழுத் தேர்தலில் ஓட்டுப் போடக் கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது இளைஞர்களின் பொறுப்பு.

சொத்து வரி 2022ல் 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. அதன் சுமை வணிகர்களுக்குத் தெரியும். வரி கட்டுகிற நாம், அந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போனது என்று கேட்கும் தகுதியையும் சேர்த்தே வாங்கியிருக்கிறோம். வணிகர் சங்கங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு செலவை ஏற்றால் மீதியை அரசு ஏற்று வேலையைச் செய்து தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆண்டுதோறும் கூட்டத்துக்கும் மேடைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இதில் போட்டால் தெருவுக்கு ஒரு கழிப்பிடமாவது கிடைக்கும். கடைத்தெருவுக்கு வரும் தாய்மார்கள் துஆ செய்வார்கள்.

யாரிடம் கேட்பது?

மனு கொடுக்கும் முன் சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. சாலை மாநகராட்சியின் சாலை அல்ல. நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் வருவது. தண்டவாள ஓரம் ரயில்வேயுடையது. பல்லாவரத்தில் கண்டோன்மெண்ட் நிலமும் உண்டு. ஏரி நீர்வளத் துறையுடையதாக இருக்கலாம். தவறான மேசையில் ஆறு மாதம் காத்திருந்துவிட்டு, 'முஸ்லிம் என்பதால் செய்யவில்லை' என்று சொல்வது நமக்கே கேடு. பாரபட்சம் நடக்கும் இடங்களும் இருக்கலாம். அதை நிரூபிக்க, சரியான மேசையில் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு நம் கையில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலே மாஸ்டர் பிளான் இருக்கிறது. அதைத் தயாரிப்பது சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமம், மாநகராட்சி அல்ல. சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது; 2026 வரையிலான வளர்ச்சியைக் கணக்கிட்டது. மூன்றாவது மாஸ்டர் பிளான் 2027 முதல் 2046 வரை இருபது ஆண்டுகளுக்கானது. உங்கள் மனையின் சர்வே எண் அதில் எந்த நிறத்தில் இருக்கிறது? கடைக்கு முன்னால் சாலை விரிவாக்கக் கோடு போகிறதா? ஐம்பது ஆண்டுகளாக நாம் அடக்கம் செய்துவரும் கப்ருஸ்தான் வரைபடத்தில் கப்ருஸ்தானாகவே காட்டப்பட்டிருக்கிறதா? 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபங்களுக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் எழுதாதவர், பிறகு இருபது ஆண்டு வழக்காட வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியவை ஐந்து

1. ஒவ்வொரு ஜமாஅத்திலும் மூன்று இளைஞர்களையும் இரண்டு வணிகர்களையும் கொண்ட ஒரு நகர்நலக் குழு அமையுங்கள். பொறியியல் படித்த ஒருவர் இருந்தால் நல்லது.

2. உங்கள் வார்டின் வரைபடத்தில் தண்ணீர் தேங்கும் இடங்களைக் குறியுங்கள். எத்தனை மணி நேரம் தேங்கியது, எவ்வளவு உயரம் என்று மழைநாளிலேயே புகைப்படத்தோடு பதிவு செய்யுங்கள். அதிகாரியிடம் ஆவேசத்தைவிட இந்தப் பதிவு அதிகம் பேசும்.

3. பள்ளிவாசல், கப்ருஸ்தான், மதரஸா ஆகியவற்றின் பட்டா, சர்வே எண், வரி ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, மாஸ்டர் பிளான் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். முத்தவல்லியின் அலமாரியில் மட்டும் இருக்கும் காகிதம் ஆபத்தில் உதவாது.

4. பகுதி சபைக்கு நம் சகோதரிகளையும் அழைத்துச் செல்லுங்கள். தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. குடிநீர் எத்தனை மணிக்கு வருகிறது, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நாளை மன்றத்தில் அமர வேண்டியவர்களும் அவர்கள்தான்.

5. நம் தெருவின் கோரிக்கையை நம் தெருவில் வாழும் எல்லாச் சமயத்தவரோடும் சேர்ந்து கொடுங்கள். கால்வாய் எல்லோருக்காகவும் ஓடுகிறது.

சகோதரர்களே! திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயத்தின் பெயரே 'ஷூரா'. கலந்தாலோசனை என்று பொருள். கலந்தாலோசித்து முடிவெடுக்கும் பண்பை நமக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரின் ஆலோசனை நடக்கும் இடத்தில் நம் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. 2022ல் பதவியேற்ற மன்றங்களுக்கு ஆயுள் ஐந்தாண்டு. கவுன்சிலர்கள் வருவார்கள், போவார்கள். மதிப்பீட்டைப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் ஒவ்வொரு வார்டிலும் இருந்துவிட்டால், யார் வந்தாலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டித்தான் தெருவைத் தோண்ட வேண்டியிருக்கும்.

அடுத்த மழைக்கும் நம் இளைஞர்கள் தண்ணீரில் இறங்கத் தயாராக இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் ஒரு முறை மாநகராட்சி அலுவலகப் படியிலும் ஏறட்டும்.

வஸ்ஸலாம்.